கினிப்பன்றி ஆணும் பெட்டையும் ஒரே கூண்டில்: காயடிப்பு முதல் சேர்த்து வைப்பது வரை

கினிப்பன்றி தனியாக வாழப் பிறந்த உயிர் இல்லை. காட்டில் திரியும் இதன் உறவினங்களில் ஓர் ஆணும் ஒன்றிரண்டு பெட்டைகளும் அவற்றின் குட்டிகளுமாகத்தான் கூட்டம் இருக்கும். வீட்டிலும் அந்த ஏற்பாடுதான் சண்டை குறைவானது. இரண்டு ஆண்களைச் சேர்த்து வைத்தால் பருவ வயதில் முட்டிக்கொள்ளக்கூடும். பெட்டைகள் மட்டுமே உள்ள கூட்டத்திலும் யார் பெரியவள் என்ற இழுபறி ஓயாமல் நடக்கலாம். நடுவில் ஓர் ஆண் இருந்தால் பல வீடுகளில் அந்த இரைச்சல் அடங்கிவிடுகிறது.

குட்டிகள்தான் பிரச்சினை. ஆண் குட்டி 3 வாரத்திலேயே சினைப்படுத்தும் நிலைக்கு வந்துவிடலாம். பெட்டைக் குட்டி 4 வாரத்திலேயே சினையாகலாம். சினைக்காலம் 59 முதல் 72 நாள். ஈன்ற சில மணி நேரத்திலேயே தாய் மறுபடி பருவத்துக்கு வந்துவிடும். பக்கத்தில் ஆண் இருந்தால் அன்றே அடுத்த சினை. அதோடு, 6-7 மாத வயதைத் தாண்டியும் ஒருமுறைகூட ஈனாத பெட்டைக்கு இடுப்பெலும்பின் முன்மூட்டு இறுகத் தொடங்கிவிடும். அதற்குப் பிறகு சினையானால் குட்டி வெளியே வர வழி விரியாமல் தாய் இறந்துபோகும் ஆபத்து உண்டு. "ஒரு தடவை குட்டி போடட்டுமே" என்று விளையாட்டாக முடிவெடுப்பதை நாங்கள் இதனால்தான் கடுமையாக எதிர்க்கிறோம்.

ஆணுக்குக் காயடித்தால் இந்தச் சிக்கல் தீரும். ஆனால் அறுவை முடிந்ததுமே தீர்ந்துவிடாது. புதிதாக வளர்ப்பவர்கள் தவறுவது பெரும்பாலும் அறுவை மேசையில் இல்லை. அதற்கு முந்தைய நாள் பட்டினி போடுவதிலும், பிந்தைய முதல் சில நாள் கவனிப்பிலும், அதன் பிறகு காத்திருக்க வேண்டிய 6 வாரத்திலும்தான். இந்தக் கட்டுரை அந்த இடங்களில் அதிக நேரம் நிற்கும்.

முதலில் யார் யார் என்று உறுதி செய்யுங்கள்

கடையில் "இரண்டும் பெட்டை" என்று சொல்லிக் கொடுத்ததை நம்பிச் சேர்த்து விட்டு, இரண்டு மாதம் கழித்துக் கூண்டில் குட்டிகளைப் பார்ப்பவர்கள் ஏராளம். முலைக்காம்பைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். ஆண், பெட்டை இரண்டுக்கும் இரண்டு காம்பு இருக்கும்.

ஒரு கையை நெஞ்சுக்கடியில் கொடுத்து, மறு கையால் பின்புறத்தைத் தாங்கி, முதுகு உங்கள் வயிற்றில் சாயும்படி உட்கார வையுங்கள். பிறப்புறுப்பின் இருபுறமும் விரலால் மெல்ல விரித்துப் பாருங்கள். பெட்டையில் ஆங்கில ஒய் எழுத்துப் போன்ற பிளவு தெரியும். ஆணில் நேர்க்கோடும் அதன் மேல்முனையில் பொத்தான் போன்ற ஒரு புடைப்பும் தெரியும், சின்ன ஐ எழுத்தின் புள்ளி போல. அந்தப் புடைப்புக்குச் சற்று மேலே வயிற்றை லேசாக அழுத்தினால் ஆண்குறி வெளியே தலைகாட்டும். வளர்ந்த ஆணுக்கு இரு பக்கமும் விதைகள் உப்பலாகத் தெரியும். குட்டிகளில் தெரியாது, குழப்பமும் அங்கேதான் வருகிறது. ஆணை அறுவைக்குக் காட்டக் கொண்டுபோகும்போது வீட்டில் உள்ள எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் திணிக்காமல் தனித்தனியாக எடுத்துப் போய், அத்தனைக்கும் பாலினம் பார்த்துத் தரச் சொல்லுங்கள்.

ஏன் ஆணுக்கு, ஏன் பெட்டைக்கு இல்லை

பெட்டைக்குச் செய்ய வயிற்றைத் திறக்க வேண்டும். சினைப்பைகள் முதுகெலும்பை ஒட்டி ஆழத்தில் இருப்பதால் அறுவை நீளும், வலியும் அதிகம், தேறவும் நாளாகும். ஆணுக்கு அந்த அளவு ஆழம் போக வேண்டியதில்லை. மூன்று பெட்டை, ஓர் ஆண் உள்ள வீட்டில் ஒரே ஒரு அறுவையில் நான்கும் சேர்ந்துவிடலாம் என்பது இன்னொரு வசதி.

பெட்டைக்கு அறுவை செய்வது பெரும்பாலும் உடல்நலக் காரணத்துக்காக. வயதான பெட்டைகளில் சினைப்பை நீர்க்கட்டி சாதாரணமாக வரும். இரண்டு விலாவிலும் ஒரே அளவில் முடி கொட்டுவது, வயிறு உப்புவது, திடீரென்று முரட்டுத்தனம் காட்டுவது ஆகியவை அதன் அறிகுறிகள். அப்படி ஒரு காரணம் இருந்து சினைப்பை எடுக்கப்பட்டால், காயம் ஆறியதும் ஆணுடன் விடலாம்.

விந்துக்குழாயை மட்டும் வெட்டிவிடும் முறையும் உண்டு. விதை அப்படியே இருப்பதால் ஆணின் நடத்தை துளியும் மாறாது. குட்டி வராது, அவ்வளவுதான். அதற்கும் காத்திருப்புக் காலம் உண்டு.

ஒன்றை இங்கேயே சொல்லிவிட வேண்டும். சண்டை போடும் இரண்டு ஆண்களைச் சமாதானப்படுத்துவதற்காகக் காயடிக்காதீர்கள். கினிப்பன்றியில் அது நம்பகமாக வேலை செய்வதில்லை. காயடித்த பிறகும் ஆண் ஏறும், உறுமும், இடுப்பை ஆட்டி நடக்கும், பெரியதனம் காட்டும். காயடித்த இரண்டு ஆண்களைப் பெட்டைகள் நடுவே விட்டால், காயடிக்காதவை போலவே அடித்துக்கொள்ளும். கூட்டத்துக்கு ஓர் ஆண் என்பதை மாற்ற வேண்டாம். இரண்டு ஆணும் இரண்டு பெட்டையும் இருந்தால் இரண்டு ஆண்களுக்கும் காயடித்து, இரண்டு ஜோடிகளாக, இரண்டு கூண்டுகளில் வையுங்கள்.

வயதும் எடையும்

வழக்கமாக 4 மாதத்துக்கு மேல், குறைந்தது 500 கிராம் எடை வந்த பிறகு செய்கிறார்கள். வளர்ந்த ஆண் 900 முதல் 1,200 கிராம் வரை இருக்கும். வயது கூடக் கூட உடலில் கொழுப்பு ஏறும், மயக்க மருந்தின் ஆபத்தும் ஏறும். 4 வயது தாண்டிய ஆணுக்கு இதயமும் நுரையீரலும் பார்த்த பிறகே யோசியுங்கள்.

பருவத்துக்கு வரும் முன்பே, 3 வாரத்துக்குள், 250 கிராம் எடையை ஒட்டிச் செய்யும் முறையும் சில இடங்களில் நடக்கிறது. இதில் பெரிய லாபம், உடலில் விந்தே உருவாகாததால் 6 வாரக் காத்திருப்பு தேவையில்லை. குட்டி தாயிடமும் உடன்பிறந்தவைகளிடமும் உடனே திரும்பிப் போகலாம். ஆனால் உள்ளங்கை அளவு உயிருக்கு மயக்க மருந்து கொடுத்துப் பழகிய மருத்துவர் வேண்டும். அப்படி ஒருவர் கிடைக்காவிட்டால் இந்த வழியை மறந்துவிடுங்கள்.

சளி, தும்மல், கண்ணில் பீளை, எடைச் சரிவு, பல் கோளாறு, தோலில் செள்ளு என்று எது இருந்தாலும் அறுவையைத் தள்ளிப் போடுங்கள். இது அவசர அறுவை இல்லை. ஒரு மாதம் தள்ளினால் எதுவும் கெட்டுவிடாது.

மருத்துவரிடம் கேட்க வேண்டியவை

நாய், பூனைக்குத் தினமும் கருத்தடை செய்யும் மருத்துவர் என்பதாலேயே கினிப்பன்றிக்கும் சரியாக வரும் என்று எண்ண வேண்டாம். உடலமைப்பிலேயே ஒரு முக்கியமான வித்தியாசம் இருக்கிறது. நாய்க்கு வயிற்றிலிருந்து விதைப்பைக்கு வரும் துளை குறுகியது. கினிப்பன்றிக்கு அந்தத் துளை வாழ்நாள் முழுக்க அகலமாகத் திறந்தே கிடக்கும். விதையை அது வயிற்றுக்குள் இழுத்துக்கொள்ளும், மறுபடி இறக்கும். விதையோடு ஒட்டி ஒரு பெரிய கொழுப்புத் திரளும் அந்த வழியை அடைத்துக்கொண்டு இருக்கும். விதையை எடுத்துவிட்டு அந்தத் துளையை அடைக்காமல் விட்டால் குடல் அதன் வழியே இறங்கி வந்துவிடும். ஆகவே முதல் கேள்வி இதுவாக இருக்கட்டும்: "கவட்டைத் துளையை எப்படி மூடுவீர்கள்?" விதையைச் சுற்றியுள்ள உறையைத் திறக்காமல் அப்படியே கட்டி எடுப்பேன் என்றோ, உறையைத் திறந்து எடுத்துவிட்டுத் துளையைத் தைத்து மூடுவேன் என்றோ தெளிவான பதில் வர வேண்டும். "அதெல்லாம் தானாக மூடிக்கொள்ளும்" என்றால் வேறு மருத்துவரைத் தேடுங்கள்.

எத்தனை கினிப்பன்றிகளுக்குச் செய்திருக்கிறார், அவற்றில் எத்தனைக்குச் சீழ் வைத்தது என்றும் கேளுங்கள். பழகியவர் இதற்குக் கோபப்படமாட்டார். மயக்கத்துக்கு ஐசோஃப்ளூரேன் போன்ற வாயு மருந்து பயன்படுத்துவாரா, மயக்கத்தின்போது உடல் சூட்டை எப்படிக் காப்பாற்றுவார், வீட்டுக்கு வலி மருந்து தருவாரா என்பவையும் முக்கியம். வலி மருந்து தேவையில்லை என்று சொல்பவரிடம் கொடுக்காதீர்கள். வலித்தால் இந்த உயிர் தின்னாது. தின்னாவிட்டால் குடல் நின்றுவிடும்.

நுண்ணுயிர்க்கொல்லி பற்றியும் பேசிவிடுங்கள். அமாக்சிசிலின், ஆம்பிசிலின், பென்சிலின் வகைகள், கிளின்டாமைசின், லின்கோமைசின் போன்றவை கினிப்பன்றியின் குடலில் வாழும் நல்ல நுண்ணுயிர்களை அழித்து, நச்சு உண்டாக்கும் கிருமிகளைப் பெருக விடும். வயிற்றுப்போக்கு கண்டு சில நாட்களில் இறந்துவிடும். தேவைப்பட்டால் பாதுகாப்பான மாற்று மருந்துகள் இருக்கின்றன. வீட்டில் மிச்சம் கிடக்கும் மாத்திரையை நீங்களாகக் கொடுப்பது எந்த நிலையிலும் கூடாது.

வெட்டும் இடமும் மருத்துவருக்கு மருத்துவர் மாறும். விதைப்பையிலேயே வெட்டுவது ஒரு முறை, விதைப்பைக்கு முன்னால் அடிவயிற்றில் வெட்டுவது இன்னொன்று. முதலாவதில் காயம் தரையில் தேய்வதால் சீழ் பிடிக்கும் வாய்ப்பு அதிகம். மற்றது காயத்தைத் தரையிலிருந்து சற்று விலக்கி வைக்கும். ஆனாலும் மருத்துவர் கைக்குப் பழகிய முறைதான் பாதுகாப்பானது, நீங்கள் முறையை மாற்றச் சொல்லி வற்புறுத்த வேண்டாம்.

அறுவைக்கு முன்

ஒரு வாரம் முன்பிருந்தே தினமும் ஒரே நேரத்தில் எடை பாருங்கள். சமையலறைத் தராசில் ஒரு கிண்ணத்தை வைத்து, அதற்குள் உட்கார வைத்துப் பார்த்தால் போதும். இந்த எண்தான் அறுவைக்குப் பிறகு உங்களுக்கு அளவுகோல்.

கினிப்பன்றியின் உடல் வைட்டமின் சி-யைத் தானாக உருவாக்காது. அது குறைந்தால் காயம் ஆறாது. நலமாக இருக்கும்போது கிலோவுக்கு நாளொன்றுக்கு 10 முதல் 30 மி.கி., அறுவையை ஒட்டிய நாட்களில் 50 மி.கி. வரை தேவைப்படும். குடைமிளகாய் நல்ல மூலம். தண்ணீரில் கலந்து வைத்தால் விரைவில் சிதைந்துவிடும், நம்ப வேண்டாம். பெல்லட் தீவனத்தில் சேர்த்திருக்கும் வைட்டமினும் தயாரித்த மூன்று மாதத்துக்குப் பிறகு வெகுவாகக் குறைந்துவிடும்.

அடுத்தது பட்டினி. மருத்துவமனையில் இருந்து "முந்தைய இரவு 10 மணிக்கு மேல் எதுவும் கொடுக்காதீர்கள்" என்று பழக்கத்தில் சொல்லிவிடுவார்கள். அது நாய், பூனைக்கான விதி. அவை மயக்கத்தில் வாந்தி எடுக்கக்கூடும் என்பதற்காகச் சொல்வது. கினிப்பன்றியால் வாந்தி எடுக்கவே முடியாது. மாறாக, அதன் குடல் எந்நேரமும் நார் உள்ளே வந்துகொண்டிருந்தால்தான் நகரும். இரவு முழுக்கப் பட்டினி போட்டால் அறுவைக்கு முன்பே குடல் மந்தமாகிவிடும். உலர்ந்த புல்லும் தண்ணீரும் கூடவே கொண்டு போங்கள். வாயில் மென்ற புல் தங்கி மயக்கத்தில் மூச்சை அடைக்காமல் இருக்க, மருத்துவர் கடைசி ஒன்றிரண்டு மணி நேரம் மட்டும் தீனியை நிறுத்தச் சொல்லலாம், அது சரி.

கூட வாழும் ஆண் இருந்தால் அதையும் பெட்டியில் துணைக்கு அனுப்பலாம். பெட்டையை அனுப்பாதீர்கள்.

அறுவையைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. கையளவு இடத்தில் முடி மழித்து, இரண்டு விதைகளையும் எடுத்து, துளைகளை அடைத்து, தோலுக்கு அடியில் தானாகக் கரையும் தையல் போட்டு முடிப்பார்கள். வெளியே நூல் தெரியாமல் தைத்தால் நல்லது, தெரிந்தால் கடித்து இழுத்துவிடும். விழித்து நின்று, எதையாவது தின்னத் தொடங்கிய பிறகே வீட்டுக்கு எடுத்து வாருங்கள்.

வீட்டுக்கு வந்த முதல் இரவும் முதல் 10 நாளும்

கூண்டில் மரத்தூள், மரச்சீவல், கொட்டிப் பரப்பிய புல் எதுவும் படுக்கையாக வேண்டாம். எல்லாம் ஈரக் காயத்தில் ஒட்டிக்கொள்ளும். வெளிர்நிறத் துண்டோ ஃப்ளீஸ் துணியோ விரியுங்கள். வெள்ளையாக இருந்தால் ஒரு சொட்டு இரத்தம், சீழ், சிறுநீரின் நிறம் எல்லாம் கண்ணில் படும். நாளைக்கு இரண்டு முறை மாற்றுங்கள். தின்பதற்கான புல்லை ஒரு பக்கத்தில் தட்டிலோ கூடையிலோ நிறைய வையுங்கள். மாடி, சாய்வுப்பலகை எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள்.

மயக்கம் தெளிந்த உடலுக்குச் சூடு தாங்காது, குளிரும் தாங்காது. வெந்நீர்ப் புட்டியைத் துணியில் சுற்றிக் கூண்டின் ஒரு மூலையில் மட்டும் வையுங்கள். வேண்டுமென்றால் ஒட்டிக்கொள்ளவும், வேண்டாமென்றால் விலகிப் போகவும் இடம் இருக்க வேண்டும்.

முதல் மாலையில் அது முடியைச் சிலிர்த்துக்கொண்டு, முதுகைக் கூனி, கண்ணைப் பாதி மூடி ஒரு மூலையில் உட்கார்ந்திருக்கும். சில மணி நேரம் அப்படி இருப்பதில் பயமில்லை. கொத்தமல்லித் தழையை மூக்கருகே நீட்டுங்கள். மோந்து பார்த்து ஒரு தண்டை இழுத்து மெல்லத் தொடங்கினால் நிம்மதியாகத் தூங்கப் போகலாம். மோந்து பார்த்துத் தலையைத் திருப்பிக்கொண்டால் காத்திருக்க வேண்டாம். வீடு திரும்பி நாலைந்து மணி நேரத்தில் எதையும் தின்னவில்லை என்றால் ஊசியில்லாத சிரிஞ்சில் ஊட்டத் தொடங்குங்கள்.

ஊட்டுவதற்கு, தாவர உண்ணிகளுக்கென்று விற்கும் தூள் உணவு சிறந்தது. கிடைக்காவிட்டால் பெல்லட்டைத் தூளாக்கி வெதுவெதுப்பான நீரில் கூழ் போலக் கரையுங்கள். ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 50 முதல் 80 மி.லி. தேவை. 3 மணி நேரத்துக்கு ஒருமுறை 10 மி.லி. என்று பிரித்தால் கணக்கு வரும். நிமிர்ந்து உட்கார்ந்த நிலையிலேயே, முன்பல்லுக்குப் பின்னால் உள்ள இடைவெளியில் பக்கவாட்டில் சிரிஞ்சை நுழைத்து அரை மி.லி. விட்டு, மென்று விழுங்கும் வரை நிறுத்தி, அடுத்த அரை மி.லி. விடுங்கள். மல்லாக்கப் போட்டு ஊட்டினால் நுரையீரலுக்குள் போய்விடும். மறுநாள் காலையிலும் தானாகத் தின்னவில்லை, புழுக்கை விழவில்லை அல்லது மணிமணியாகச் சுருங்கி வருகிறது என்றால் மருத்துவரை அழையுங்கள். எடை 10 சதவீதம் சரிந்தாலும் அப்படியே. ஒரு கிலோ ஆணுக்கு அது 100 கிராம்தான்.

வலி மருந்து, பெரும்பாலும் மெலாக்சிகாம், மருத்துவர் சொன்ன நாள் வரை முழுதாகக் கொடுங்கள். இரண்டாம் நாளே ஓடியாடுவதைப் பார்த்து நிறுத்திவிடுகிறார்கள். ஓடியாடுவதே அந்த மருந்தால்தான்.

காயத்தை நாளைக்கு இரண்டு முறை பாருங்கள். பார்த்தால் மட்டும் போதாது, சுத்தமான விரல் நுனியால் இருபுறமும் மெல்லத் தடவ வேண்டும். முதல் இரண்டு மூன்று நாள் விதைப்பை வீங்கி, மிருதுவாக, சற்று சிவந்திருக்கும். பிறகு வற்றத் தொடங்க வேண்டும். வெட்டிய இடத்தில் பட்டாணியளவு கெட்டியான முடிச்சு தட்டுப்பட்டால், அது தோலோடு நகர்ந்து, தொட்டால் வலிக்காமல், நாளுக்கு நாள் பெரிதாகாமல் இருந்தால், தழும்பு. அதே முடிச்சு நான்காம் நாளுக்குப் பிறகு வளர்ந்துகொண்டே போனால், சுற்றிலும் சூடாக இருந்தால், தொட்டதும் அது துள்ளி விலகினால், சீழ்க்கட்டி. இதன் சீழ் தயிர்க்கட்டி போலக் கெட்டியானது. மாத்திரையால் மட்டும் கரையாது. மருத்துவர் திறந்து கழுவி விட வேண்டும். இரண்டு வாரம் கழித்துக்கூட வரலாம், ஆகவே 10 நாள் ஆனதும் பார்ப்பதை நிறுத்திவிடாதீர்கள்.

திடீரென்று ஒரு பக்கம் மட்டும் பொதபொதவென்று புடைத்து, கூடவே தீனியும் நின்றால் குடல் இறங்கியிருக்கலாம். அது இரவானாலும் காத்திருக்கக் கூடாத நிலை.

களிம்பு, மஞ்சள், கிருமிநாசினிப் பொடி எதுவும் காயத்தில் போடாதீர்கள். நக்கி எடுக்கும், நக்கும்போது தையலையும் சேர்த்து எடுக்கும். குளிப்பாட்டவும் வேண்டாம்.

6 வாரம்

விதையை எடுத்துவிட்டார்களே, பிறகு எப்படிச் சினை பிடிக்கும் என்று கேட்பார்கள். விந்து உருவாவது விதையில். ஆனால் உருவான விந்து, வெட்டப்பட்ட இடத்துக்கு அப்பால் உள்ள குழாயில் ஏற்கெனவே தங்கியிருக்கும். அது உயிரோடு இருக்கும் வரை ஆணால் சினைப்படுத்த முடியும். 4 வாரம் போதும் என்று சொல்பவர்களும் உண்டு. நாங்கள் 6 வாரம் என்றே சொல்கிறோம். இரண்டு வாரம் பொறுப்பதற்கும், இடுப்பெலும்பு இறுகிய ஒரு பெட்டையின் பிரசவத்துக்கும் நடுவில் எதைத் தேர்ந்தெடுப்பது என்பதில் எங்களுக்குக் குழப்பமே இல்லை. அறுவை நடந்த நாளிலிருந்து 42 நாள் எண்ணி, நாட்காட்டியில் வட்டமிட்டு, வீட்டில் எல்லோருக்கும் சொல்லிவிடுங்கள். "பாவம், தனியாக இருக்கிறான்" என்று யாராவது பத்து நிமிடம் சேர்த்து விட்டால் போதும். இணைசேரச் சில நொடிகளே ஆகும்.

அந்த நாட்களில் ஆண் தனியாக வாடாமல் இருக்க, கூண்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைக்கலாம். கம்பி இடைவெளி வழியே சினை பிடித்த சம்பவங்கள் உண்டு என்பதால் ஒற்றைத் தடுப்பு போதாது. இரண்டு தடுப்புகள், நடுவில் ஒரு சாண் இடைவெளி. பெட்டை வாசனை வந்த ஆண் எதிர்பாராத உயரம் தாண்டும், மேலேயும் மூடிவிடுங்கள். தரையில் உலவ விடும்போதும் ஒன்றன் பின் ஒன்றாகத்தான் விட வேண்டும்.

ஆணுடன் ஏற்கெனவே ஒரு தம்பியோ நண்பனோ இருந்தால், அறுவைக்குப் பிறகு முழுதாகத் தெளிந்ததும் அதனுடனே வைக்கலாம், ஏறித் தொந்தரவு செய்யாதவரை. ஆனால் பெட்டை கூண்டுகளை அந்த அறைக்குள் கொண்டுவராதீர்கள். பெட்டை வாசனை மூக்கில் ஏறினால் வருடக்கணக்கில் ஒத்துப்போன ஆண்களும் ஒருவரையொருவர் கிழித்துக்கொள்ளும்.

புதிதாகப் பெட்டை வாங்குவதாக இருந்தால் இந்த 6 வாரத்திலேயே வாங்கி, முதல் 2-3 வாரம் வேறு அறையில் வைத்துச் செள்ளு, சளி இருக்கிறதா பாருங்கள். ஆண்களோடு கலந்து கிடந்த இடத்திலிருந்து வந்திருந்தால் வரும்போதே சினையாக இருக்கலாம். வாரம் ஒருமுறை எடை பார்த்து வந்தால் தெரிந்துவிடும்.

சேர்த்து வைக்கும் நாள்

நாள் முழுக்க வீட்டில் இருக்கக்கூடிய ஒரு நாளைத் தேர்ந்தெடுங்கள். காலையில் தொடங்குங்கள்.

1. இரண்டு தரப்பும் இதுவரை கால் வைக்காத இடத்தில் குறைந்தது 2 சதுர மீட்டர் தடுத்து, துணி விரியுங்கள். யாருடைய பழைய கூண்டும் கூடாது. அதில் சொந்தக்காரர் ஒருவர் இருப்பார், விருந்தாளி ஒருவர் இருப்பார்.

2. நடுவில் இரண்டு மூன்று பெரிய புல் குவியல்கள், பரவலாகக் காய்கறித் துண்டுகள், இரண்டு தண்ணீர்ப் புட்டிகள். மறைவிடம் வைத்தால் இரண்டு வாசல் உள்ளதாக வையுங்கள். ஒரு வாசல் உள்ள பெட்டிக்குள் ஒன்று மாட்டிக்கொண்டால் தப்பிக்க வழியின்றிக் கடிக்கும்.

3. முதலில் பெட்டைகளை விடுங்கள். அவை மேயத் தொடங்கியதும் ஆணை விடுங்கள்.

4. கையைக் கட்டிக்கொண்டு உட்காருங்கள். இதுதான் மிகவும் கடினம்.

ஆண் அடித்தொண்டையில் "உர்ர்ர்" என்று அதிர்ந்துகொண்டே, பின்புறத்தை இடமும் வலமுமாக ஆட்டி, பெட்டையைச் சுற்றிச் சுற்றி மெதுவாக நடக்கும். முகர்ந்து பார்க்கும், ஏறும், சில நேரம் தலைப்பக்கத்திலேயே ஏறும். பிடிக்காத பெட்டை திரும்பி மூக்கை உயர்த்திப் பல்லைக் கடகடக்கும். அதற்கும் கேட்காவிட்டால் பின்புறத்தைத் தூக்கிக் குறி பார்த்து ஆணின் முகத்தில் சிறுநீரைப் பீய்ச்சும். இவை எல்லாம் பேச்சு, சண்டை இல்லை. துரத்தல், கிறீச்சிடல், வாயோரம் ஒரு கொத்து முடி ஆகியவையும் சரிதான்.

இரண்டும் முடி சிலிர்த்து, நேருக்கு நேர் தலையை உயர்த்தி, விடாமல் பல் கடகடத்து, பாய்ந்து கடித்து, ஒரே பந்தாக உருண்டால் மட்டும் பிரியுங்கள். கையை நுழைக்காதீர்கள், எலும்பு வரை கடித்துவிடும். தடித்த துண்டை மேலே போடுங்கள், அல்லது அட்டையை நடுவில் இறக்குங்கள். ஆழமான கடிக்காயம் இருந்தால் அன்று அத்தோடு முடிந்தது. காதிலோ பின்புறத்திலோ சின்னக் கீறல் மட்டும் என்றால் தொடரலாம்.

ஒவ்வொரு கிறீச்சலுக்கும் பயந்து எடுத்து, சாயங்காலம் மறுபடி விட்டு, இரவில் மறுபடி பிரிப்பதுதான் புதியவர்கள் செய்யும் பெரிய பிழை. ஒவ்வொரு முறை பிரிக்கும்போதும் அவை முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது. நாலைந்து மணி நேரம் கழித்து அவை பக்கத்தில் பக்கத்தில் தின்று, அருகருகே படுத்தால், வினிகர் கலந்த நீரில் கழுவி, பொருட்களின் இடத்தை மாற்றி அடுக்கிய நிரந்தரக் கூண்டுக்கு எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மாற்றுங்கள்.

இரண்டு விலங்குகளுக்குக் கூண்டின் தரை குறைந்தது 120 × 60 செ.மீ. மூன்றாவதுக்கும் நான்காவதுக்கும் அதற்கேற்பப் பெரிதாக வேண்டும். விலங்குகளின் எண்ணிக்கையைவிட ஒரு மறைவிடம் கூடுதலாகவும், புல்லும் தண்ணீரும் இரண்டு இடத்திலும் இருக்கட்டும். அப்போதுதான் வலியது மற்றதைத் தீனியிலிருந்து விரட்ட முடியாது. முதல் இரண்டு வாரம் எல்லாவற்றையும் ஒரு நாள் விட்டு ஒரு நாள் எடை பாருங்கள். வெளியே சண்டை தெரியாமலே ஒன்று மட்டும் இளைத்துக்கொண்டு வந்தால், அதை ஏதோ ஒன்று ஒடுக்குகிறது.

ஏறக்குறைய 16 நாளுக்கு ஒருமுறை பெட்டை பருவத்துக்கு வரும். அந்த ஒரு நாள் கூண்டே அல்லோலகல்லோலப்படும். பெட்டையே மற்றவற்றின் மேல் ஏறும். மறுநாள் ஒன்றுமே நடக்காதது போல அடங்கிவிடும். அதைப் பார்த்துப் பிரித்துவிடாதீர்கள்.

42 நாளுக்கு முன் சேர்ந்துவிட்டால்

நடந்துவிட்டால் மறைக்காமல் உடனே தேதியைக் குறியுங்கள். ஆணைப் பிரித்துவிட்டு, அன்றிலிருந்து 72 நாள் வரை பெட்டையைச் சினை என்றே கருதுங்கள். வாரம் இரண்டு முறை எடை பாருங்கள். வயிற்றை அழுத்திப் பார்க்க வேண்டாம். முதல் இரண்டு வாரத்தில் ஏறாத எடை அதற்குப் பிறகு விடாமல் ஏறினால் மருத்துவரிடம் காட்டி ஸ்கேன் எடுங்கள். 7 மாதம் தாண்டிய முதல் சினை என்றால் இன்னும் முன்னதாகவே பேசிவிடுங்கள். பிரசவ நாளில் வயிற்றைத் திறக்கக்கூடிய மருத்துவர் யார் என்பது முன்பே முடிவாகி இருக்க வேண்டும். பெட்டை பருமனாக இருந்தாலும் திடீரென்று தீனியைக் குறைக்காதீர்கள். சினையின் கடைசி வாரங்களில் பட்டினி அதன் உடலில் நச்சேற்றிக் கொன்றுவிடும்.

அதற்குள் ஆணுக்கு 42 நாள் முடிந்துவிட்டால் அது திரும்பிக் கூட்டத்துக்கு வரலாம், ஈன்ற அன்றும் கூடவே இருக்கலாம். முடியாவிட்டால் ஈனும் முன் கட்டாயம் வேறு கூண்டில் இருக்க வேண்டும். குட்டிகள் பிறந்ததும் பாலினம் பார்த்து, பிறந்த தேதியை எழுதி வையுங்கள். ஆண் குட்டிகளை 21-ஆம் நாள் தாயிடமிருந்தும் சகோதரிகளிடமிருந்தும் பிரித்துவிட வேண்டும். அதற்கு முன்பே எடை 250 கிராமைத் தொட்டால் அன்றே.